சர்வர் சாப்ட்வேர் ஏறவில்லையா? கம்ப்யூட்டரைப் பழிக்காதீர்கள்!

குறிஞ்சிப்பாடியில் லுங்கி நெய்யும் குடும்பத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் ஒரு லேப்டாப்பைத் தூக்கிக் கொண்டு என்னிடம் வந்தார். அவருடைய அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் அது. அக்கா திருமணமாகிப் போனபின் தம்பியின் கைக்கு வந்திருக்கிறது. அந்த வீட்டுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர்.

"சார், இது வேஸ்ட் சார். பி.எச்.பி. கத்துக்கலாம்னு பார்த்தா அப்பாச்சி சர்வர் ஏறவே மாட்டேங்குது. மூணு தடவை பார்மட் பண்ணிட்டேன். ஹார்ட் டிஸ்க் போயிருக்கும்னு கடையில சொல்றாங்க. பேசாம வித்துடலாம்னு இருக்கேன்" என்றார்.

அவர் ஏற்றியிருந்தது டெபியன் 7 என்னும் லினக்ஸ் பதிப்பு. யாரோ கொடுத்த பழைய பென் டிரைவில் இருந்ததாம். அவர் கண் முன்னாலேயே இன்ஸ்டால் கட்டளையைக் கொடுத்தேன். திரையில் பத்துப் பதினைந்து வரிகள் ஓடின. ஒவ்வொன்றின் முடிவிலும் 404 என்ற எண். அந்த எண்ணை அவர் மூன்று பார்மட்டின்போதும் பார்த்திருக்கிறார், படிக்கவில்லை. படித்திருந்தால் ஹார்ட் டிஸ்க் மேல் பழி விழுந்திருக்காது.

"தம்பி, உங்க வீட்டுத் தறிக்கு நூல் வரலைன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"நூல் ஏன் வரலைன்னு விசாரிப்போம்."

"தறியைக் கழற்றிப் பார்ப்பீங்களா?"

சிரித்துவிட்டார். இந்தக் கட்டுரையின் சாரம் அவ்வளவுதான். சர்வர் சாப்ட்வேர் இன்ஸ்டால் ஆகாமல் நிற்கும்போது பல சமயம் தறியில் குறை இருப்பதில்லை. நூல் வரும் வழியில்தான் தடை. அந்த வழியை நாம் யாருக்கும் சொல்லித் தருவதில்லை என்பது என் முதல் குறை. அந்த வழியை நம் மாவட்டத்துக்குள் சுருக்கிக் கொள்ள நாம் முயலவில்லை என்பது இரண்டாவது குறை.

நூல் எங்கிருந்து வருகிறது?

விண்டோஸில் ஒரு புரோகிராம் வேண்டுமென்றால் அதன் செட்டப் பைலை டவுண்லோட் செய்து டபுள் கிளிக் செய்கிறோம். லினக்ஸில் வழக்கம் வேறு. அங்கே புரோகிராம்கள் பேக்கேஜ் எனப்படும் சிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டு, ரெபாசிட்டரி என்னும் பொதுக் களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருக்கும். அப்பாச்சி வெப் சர்வர், மரியா டிபி டேட்டாபேஸ், பி.எச்.பி. எல்லாம் அங்கே இருக்கும். ஒரு பொட்டலத்துக்கு வேறு பல பொட்டலங்களின் துணை தேவைப்படலாம். அவை எவை என்று கண்டுபிடித்து, அத்தனையையும் கொண்டு வந்து, வரிசையாக இன்ஸ்டால் செய்திடும் வேலையை டெபியன், உபுண்டு போன்றவற்றில் ஆப்ட் என்னும் புரோகிராம் பார்த்துக் கொள்கிறது.

உலகம் முழுவதும் உள்ளவர்கள் ஒரே களஞ்சியத்தின் வாசலில் நின்றால் நெரிசலாகும். ஆகவே அதன் நகல்களைப் பல நாடுகளில் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் தங்கள் சர்வர்களில் வைத்துக் கொள்கின்றன. இவற்றுக்கு மிரர் என்று பெயர். நம் நாட்டில் ஐ.ஐ.டி. கான்பூர் போன்ற கல்வி நிறுவனங்கள் இப்படி மிரர் நடத்தி வந்திருக்கின்றன.

எந்தக் களஞ்சியத்துக்குப் போக வேண்டும் என்ற முகவரி உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு சிறு பைலில் எழுதப்பட்டிருக்கும். சோர்ஸஸ் லிஸ்ட் என்பது அதன் பெயர். 'அப்டேட்' கட்டளை கொடுக்கும்போது களஞ்சியத்தின் சரக்குப் பட்டியல் மட்டும் வந்து சேர்கிறது. 'இன்ஸ்டால்' கட்டளை கொடுக்கும்போதுதான் சரக்கு வருகிறது. இந்த இரண்டையும் பிரித்துத் தெரிந்து கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பட்டியல் வராதபோது, இருக்கிற சரக்கையும் "அப்படி ஒன்று இல்லை" என்றுதான் ஆப்ட் சொல்லும்.

வடலூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். வள்ளலார் 1867ல் தொடங்கிய தருமச்சாலையில் வருகிற எல்லாருக்கும் சோறு உண்டு; காசு கேட்பதில்லை. அப்பாச்சியும் மரியா டிபியும் அப்படித்தான். ஆனால் பாதையில் வெள்ளம் நின்றால், இலவசச் சோறும் பசித்தவன் இலைக்கு வந்து சேராது. அடுப்பு அணைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

தடை எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

கம்ப்யூட்டரை பார்மட் செய்யும் முன் கீழே உள்ளவற்றை வரிசையாகப் பார்த்திடுங்கள். பத்து நிமிடம் போதும்.

முதலாவது, இன்டர்நெட் உண்மையிலேயே இருக்கிறதா? பிரவுசரைத் திறந்து இதுவரை நீங்கள் போகாத ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். விடுதியிலும் கல்லூரியிலும் வைஃபை இணைந்திருப்பதாகக் காட்டும். ஆனால் பிரவுசரில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்த பின்தான் கதவு திறக்கும். ஆப்ட் புரோகிராமுக்கு அந்தக் கதவைத் தட்டத் தெரியாது. பிரவுசரில் லாக் இன் செய்துவிட்டுப் பிறகு முயலுங்கள்.

இரண்டாவது, பெயர் புரிகிறதா? "டெம்பரரி பெய்லியர் ரிசால்விங்" என்று செய்தி வந்தால், களஞ்சியத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சர்வர் பதில் தரவில்லை என்று பொருள். ஊர்ப் பெயர் தெரியும், எந்த பஸ் ஏறுவது என்று தெரியவில்லை என்பது போன்ற நிலை. நெட்வொர்க் செட்டிங்ஸ் சென்று டி.என்.எஸ். என்ற இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று கொடுத்துப் பாருங்கள். இதைவிட எளிய சோதனையும் உண்டு. வீட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டு, வேறு நிறுவனத்தின் சிம் உள்ள மொபைல் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அதே கட்டளையைக் கொடுங்கள். இப்போது வேலை செய்தால் உங்கள் கம்ப்யூட்டரில் குறை இல்லை என்பது அங்கேயே தீர்ந்துவிட்டது.

மூன்றாவது, மணி சரியாக இருக்கிறதா? இதென்ன சம்பந்தமில்லாத கேள்வி என்று நினைக்காதீர்கள். பழைய கம்ப்யூட்டர்களில் மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரி தீர்ந்துபோனால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னே போய் நிற்கும். பாதுகாப்பான தளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. களஞ்சியத்தின் பட்டியலிலும் தேதி உண்டு. உங்கள் கடிகாரம் 2010 என்று சொன்னால், இன்றைய பட்டியலைப் பார்த்து "இது இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று ஆப்ட் மறுத்துவிடும். தேதியைச் சரி செய்திடுங்கள், பேட்டரியை மாற்றிடுங்கள். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் சிஆர் 2032 என்ற எண் கொண்ட பேட்டரிதான் இருக்கும். எலக்ட்ரிக்கல் கடைகளிலேயே கிடைக்கும்.

நான்காவது, களஞ்சியம் அதே முகவரியில் இருக்கிறதா? நம் மாணவருக்கு வந்த 404 இதுதான். சர்வர் இருக்கிறது, பதிலும் சொல்கிறது. ஆனால் கேட்ட பொருள் அந்த இடத்தில் இல்லை என்று சொல்கிறது. செய்தியில் உள்ள முகவரியை அப்படியே பிரவுசரில் கொடுத்துத் திறந்து பாருங்கள். உங்கள் பதிப்பின் பெயரில் போல்டர் இல்லையென்றால் கடை இடம் மாறிவிட்டது என்று பொருள்.

ஐந்தாவது, பழைய பிராக்ஸி முகவரி ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? கல்லூரி லேபில் பயன்படுத்திய லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டு வந்தால், அது இன்னும் கல்லூரியின் பிராக்ஸி சர்வரையே தேடிக் கொண்டிருக்கும். நெட்வொர்க் செட்டிங்ஸில் பிராக்ஸி என்ற இடத்தைப் பாருங்கள். ஆப்ட் புரோகிராமுக்கென்று தனியாகவும் பிராக்ஸி அமைத்திருக்கலாம். அதையும் பார்த்திட வேண்டும்.

ஆறாவது, சிடி, டிவிடி வரி. டிவிடியிலிருந்து லினக்ஸ் இன்ஸ்டால் செய்தவர்களின் சோர்ஸஸ் லிஸ்ட்டில் சிடிராம் என்று தொடங்கும் வரி ஒன்று இருக்கும். இன்ஸ்டால் கட்டளை கொடுத்தால் "டிஸ்க்கைப் போடுங்கள்" என்று ஆப்ட் கேட்டுக் கொண்டே நிற்கும். டிஸ்க் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் அந்த வரியின் தொடக்கத்தில் ஹேஷ் குறியை இட்டு அதைச் செயலற்றதாக்கிவிட்டு, இன்டர்நெட் களஞ்சியத்தின் வரியைச் சேர்த்திடுங்கள்.

இந்த ஆறிலும் சேராத இரண்டு செய்திகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "ஹேஷ் சம் மிஸ்மேட்ச்" என்று வந்தால், பட்டியலும் சரக்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகவில்லை. மிரர் புதுப்பிக்கப்பட்டுக் கொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் போயிருக்கலாம். நடுவில் உள்ள பிராக்ஸி பழைய பட்டியலைக் கொடுத்திருக்கலாம். சிறிது நேரம் கழித்து முயலுங்கள் அல்லது வேறு மிரருக்கு மாறுங்கள். "குட் நாட் கெட் லாக்" என்று வந்தால் இணைப்பில் கோளாறே இல்லை. தானாக இயங்கும் அப்டேட் வேலை பின்னணியில் நடந்து கொண்டிருக்கிறது. டீ குடித்துவிட்டு வாருங்கள்; முடிந்திருக்கும். அவசரப்பட்டுப் பவர் பட்டனை அமுக்கினால்தான் உண்மையான கோளாறு வந்து சேரும்.

கடை ஏன் இடம் மாறுகிறது?

டெபியன் 7 வந்தது 2013 மே மாதம். அதற்கான நீண்ட கால ஆதரவு 2018 மே மாதத்தோடு முடிந்தது. ஆதரவு முடிந்த பதிப்புகளை வழக்கமான மிரர்களிலிருந்து எடுத்து, ஆர்க்கைவ் என்னும் பழைய சரக்கு அறைக்கு மாற்றிவிடுகிறார்கள். உபுண்டுவும் இதே போல் ஓல்டு ரிலீசஸ் என்று தனி இடம் வைத்திருக்கிறது. உபுண்டுவில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். எல்.டி.எஸ். என்று பெயரிட்ட பதிப்புகளுக்கு ஐந்து ஆண்டு ஆதரவு. இடையில் வரும் பதிப்புகளுக்கு ஒன்பதே மாதம்தான். 2023 அக்டோபரில் வந்த உபுண்டு 23.10க்கு 2024 ஜூலையிலேயே ஆதரவு முடிந்துவிட்டது. புதியதுதானே என்று அதை ஏற்றி வைத்தவர்களுக்கு ஒரு வருடம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எல்.டி.எஸ். பதிப்பையே தேர்ந்தெடுங்கள்.

இதைவிடப் பெரிய குழப்பம் சென்ட் ஓஎஸ் விஷயத்தில் நடந்தது. உலகெங்கும் சர்வர்களில் ஓடிக் கொண்டிருந்த சென்ட் ஓஎஸ் 7 பதிப்புக்கு 2024 ஜூன் 30 அன்று ஆதரவு முடிந்தது. அதை ஒட்டி, எந்த மிரருக்குப் போகலாம் என்று வழிகாட்டி வந்த மிரர்லிஸ்ட் என்ற முகவரியும் எடுக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகு யார் இன்ஸ்டால் கட்டளை கொடுத்தாலும் "குட் நாட் ரிசால்வ் ஹோஸ்ட்" என்றே செய்தி வந்தது. பார்த்தால் நம் வீட்டு இணைப்பில் கோளாறு போலவே இருக்கும். மோடத்தை ஆப் செய்து ஆன் செய்தவர்களும், டி.என்.எஸ். எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்தவர்களும் ஏராளம். உண்மையில் கடையின் பெயர்ப்பலகையையே கழற்றிவிட்டார்கள்! பழைய சரக்கு வால்ட் என்ற வேறொரு முகவரியில் இருக்கிறது. ஆனால் அதற்குப் புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. ஆகவே ஆல்மா லினக்ஸ், ராக்கி லினக்ஸ் போன்றவற்றுக்கு மாறுவதே சரி.

மேலே சொன்ன பெயர் சோதனையிலும் இதை நினைவில் கொள்ளுங்கள். பெயர் எதுவுமே புரியவில்லையென்றால் குறை உங்கள் பக்கம். ஒரே ஒரு பெயர் மட்டும் புரியவில்லையென்றால் குறை அந்தப் பக்கம்.

இங்கேதான் சாப்ட்வேர் தயாரிப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. "இந்தப் பதிப்பின் காலம் முடிந்துவிட்டது, புதிய பதிப்புக்கு மாறுங்கள்" என்று ஒரு வரி காட்டியிருந்தால் நம் மாணவர் மூன்று முறை பார்மட் செய்திருக்க மாட்டார். இலவசமாகத் தருபவர்களைக் குறை சொல்லலாமா என்று கேட்கலாம். சோறு இலவசம்தான், ஆனால் பந்தி முடிந்துவிட்டது என்று வாசலில் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

பழைய லேப்டாப்புகளின் கதி

இது ஒரு மாணவரின் பிரச்னை அல்ல. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. தொடர்ந்து பல ஆண்டுகள் லட்சக்கணக்கான மாணவர்களுக்கு லேப்டாப் கிடைத்தது. முதலில் தரப்பட்டவற்றில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. அந்த லேப்டாப்புகளில் பல இன்று தம்பி, தங்கைகளின் கைகளில் இருக்கின்றன. பேட்டரி நிற்காது, சார்ஜரைச் செருகியே வைத்திருக்க வேண்டும். ஆனாலும் வீட்டில் வெப் சர்வர் அமைத்துப் படிக்க அவை தாராளமாகப் போதும்.

கவலை என்னவென்றால், அவற்றில் உள்ள பழைய லினக்ஸில் பழைய முகவரிகளே எழுதப்பட்டிருக்கின்றன. முதல் முயற்சியிலேயே இன்ஸ்டால் தோற்றுப் போகிறது. பையனோ பெண்ணோ, "எனக்கு இதெல்லாம் வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அக்கா காலத்து லேப்டாப் காயலான் கடைக்குப் போகிறது. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் நஷ்டம் பெரிதல்ல. "எனக்கு வராது" என்று விழும் அந்த முடிவுதான் நஷ்டம்.

ஆர்க்கைவ் முகவரியை எழுதிப் பழைய பதிப்பையே ஓட்டலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். பழைய பதிப்பின் கையெழுத்துச் சாவிகள் காலாவதி ஆகியிருக்கும். "சரிபார்க்காமல் இன்ஸ்டால் செய்" என்று ஒரு ஆப்ஷன் சேர்த்தால் ஏறிவிடும் என்பார்கள். என் கருத்தில் அது தவறான பழக்கம். ஒவ்வொரு களஞ்சியமும் தன் பட்டியலில் டிஜிட்டல் கையெழுத்திட்டுத்தான் அனுப்புகிறது. வழியில் யாரும் சரக்கை மாற்றவில்லை என்பதற்கு அதுதான் உத்தரவாதம். கற்றுக் கொள்ளும் முதல் நாளிலேயே அந்த உத்தரவாதத்தைத் தூக்கி எறியப் பழகினால், நாளை ஒரு கடையின் கணக்கையோ பள்ளியின் மதிப்பெண்களையோ வைக்கும் சர்வரிலும் அதையே செய்வோம். பழைய பதிப்பை விட்டு, இப்போது ஆதரவில் இருக்கும் டெபியனை எக்ஸ்.எப்.சி.இ. அல்லது எல்.எக்ஸ்.டி.இ. போன்ற எடை குறைந்த டெஸ்க்டாப்புடன் ஏற்றுவதே நல்லது.

விண்டோஸிலேயே எக்ஸாம்ப் என்ற தொகுப்பை ஒரே பைலாக இறக்கி இன்ஸ்டால் செய்தால் அப்பாச்சி, மரியா டிபி, பி.எச்.பி. மூன்றும் வந்துவிடுமே என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகச் செய்திடலாம். பி.எச்.பி. மட்டும் பழகிப் பார்க்க அது போதும். ஆனால் வேலைக்குப் போகும் இடத்தில் பெரும்பாலும் லினக்ஸ் சர்வர்தான் காத்திருக்கும். களஞ்சியத்தோடு பழகாமல் அங்கே போய் நிற்பது, குளத்தில் இறங்காமல் நீச்சல் போட்டிக்குப் பெயர் கொடுப்பது போல.

ஊரிலேயே ஒரு களஞ்சியம்

இப்போது இரண்டாவது குறைக்கு வருகிறேன். நம் வீட்டு இன்ஸ்டால் ஏன் எப்போதும் தொலைதூரத்து ஒற்றைப் பாதையையே நம்பி இருக்க வேண்டும்?

256 கேபிபிஎஸ் பிராட்பேண்ட் காலத்தை நினைத்துப் பாருங்கள். 700 எம்பி அளவுள்ள ஒரு சிடியை இறக்க ஆறு மணி நேரம் ஆகும். அதுவும் நடுவில் மின்சாரம் போகாமல் இருந்தால். அதனால் அப்போது சிடிகள் கைக்குக் கை மாறின. உபுண்டு நிறுவனமே கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகத் தபாலில் சிடி அனுப்பி வந்தது. 2011ல் அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. வேகம் கூடியதும் சிடியை மறந்தோம். கூடவே, சரக்கை ஊரில் வைத்துக் கொள்ளும் பழக்கத்தையும் மறந்தோம்.

இன்று எல்லார் கையிலும் வேகமான இன்டர்நெட் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்கலாம். மூன்று பதில் சொல்கிறேன்.

ஒன்று, பாதை அறுந்து போகும். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே கடலுக்கு அடியில் கேபிள்கள் அறுந்தபோது இந்தியா முழுவதும் இன்டர்நெட் தடுமாறியது. அது தொலைவில் நடந்தது. நம் ஊர்க் கதையோ இன்னும் கடுமை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. 2015 நவம்பர் மழையில் குறிஞ்சிப்பாடி வட்டாரமே வெள்ளத்தில் நின்றது. கரையோர மாவட்டத்தில் இருந்து கொண்டு, பாதை எப்போதும் திறந்திருக்கும் என்று கணக்குப் போடக் கூடாது.

இரண்டு, வீண் செலவு. ஒரு கல்லூரி லேபில் 40 கம்ப்யூட்டர்கள் என்று வைத்துக் கொள்வோம். ஒவ்வொன்றும் 200 எம்பி சரக்கை இறக்கினால் மொத்தம் 8,000 எம்பி. 40 பேரும் ஒரே நேரத்தில் இழுத்தால் பாதிப் பேருக்கு நடுவில் நின்றுபோகும். அன்றைய பிராக்டிகல் வகுப்பும் போகும். ஆப்ட் கேச்சர் என்ஜி என்ற இலவசப் புரோகிராமை லேபில் உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஓட விட்டால், முதல் மாணவருக்காக வந்த 200 எம்பி அங்கேயே தங்கிவிடும். மற்ற 39 பேருக்கும் லேபுக்குள்ளேயே கிடைத்திடும். முழு மிரர் வைக்கத்தான் பல நூறு ஜிபி இடம் வேண்டும்; இதற்கு அவ்வளவு தேவையில்லை.

மூன்று, நம்பிக்கைக்கும் குறைவில்லை. பக்கத்து வீட்டுப் பென் டிரைவில் வந்த சரக்கை நம்பலாமா என்ற பயம் நியாயமானதே. ஆனால் முன்பு சொன்ன டிஜிட்டல் கையெழுத்து இங்கே கை கொடுக்கிறது. சரக்கு கான்பூரிலிருந்து வந்தாலும், கடலூரிலிருந்து வந்தாலும், கையெழுத்து பொருந்துகிறதா என்று ஆப்ட் சரிபார்த்த பிறகே உள்ளே விடும். வந்த வழி எதுவானாலும் சரக்கு சுத்தமா என்று தெரிந்துவிடும்.

ஊர் நகல் பழசாகிவிடாதா என்ற கேள்விக்கும் பதில் உண்டு. இரவு நேரத்தில் தானாகப் புதுப்பித்துக் கொள்ளும்படி அமைத்தால் போதும். அப்படிப் புதுப்பிக்க ஆள் இல்லையென்றால் வைக்காமலிருப்பதே மேல். பாதுகாப்புத் திருத்தம் சேராத சர்வர் ஆபத்தானது. ஆகவே இது தனி ஒருவர் ஆர்வத்தில் தொடங்கி ஆறு மாதத்தில் விடும் வேலை அல்ல. ஒரு நிறுவனம் பொறுப்பெடுத்துக் கொள்ள வேண்டும். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் இருக்கின்றன. இவற்றில் ஒன்று மாவட்ட மாணவர்கள் அனைவருக்குமாக ஒரு மிரரைத் திறந்து வைக்கலாம். மற்றவை தங்கள் லேபில் ஒரு கேச் சர்வராவது வைக்கலாம். கிளை நூலகங்களில் ஆதரவில் உள்ள டெபியன் பதிப்பின் முதல் டிவிடியைப் பென் டிரைவில் வைத்திருந்து, கேட்பவர்களுக்குப் பிரதி எடுத்துத் தரலாம். அதிகம் பயன்படும் பேக்கேஜ்கள் எல்லாம் அந்த முதல் டிவிடியிலேயே உண்டு. நூலகம் புத்தகம் இரவல் தருகிறது. சாப்ட்வேர் ஏன் தரக் கூடாது?

வீட்டில் இருப்பவர்களும் ஒன்று செய்யலாம். ஒரு முறை சரியாக இன்ஸ்டால் ஆனதும், இறங்கிய பேக்கேஜ்கள் உங்கள் கம்ப்யூட்டரில் ஆர்க்கைவ்ஸ் என்ற போல்டரில் தங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஆப்ட்-கெட் கட்டளையில் இறக்கியிருந்தால், நீங்களாக அழிக்கும்வரை பெரும்பாலும் இருக்கும். அதே பதிப்பு வைத்துள்ள நண்பருக்கு அந்த போல்டரைப் பென் டிரைவில் கொடுத்தால் அவருக்கு அத்தனையும் மீண்டும் இறக்கும் வேலை மிச்சம்.

கடைசியாக, அந்த மாணவர் கதை. புதிய டெபியனைப் பென் டிரைவில் எடுத்து அவர் லேப்டாப்பில் ஏற்றினோம். தேதியைச் சரி பார்த்தோம். அப்டேட் கொடுத்தோம், பட்டியல் தடையின்றி வந்தது. இன்ஸ்டால் கொடுத்தோம்; சில நிமிடங்களில் முடிந்தது. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்ததும் "இட் வொர்க்ஸ்" என்ற பக்கம் வந்து நின்றது. மூன்று பார்மட்டும் ஹார்ட் டிஸ்க் பயமும் தராத பாடத்தை அந்த ஒரு பக்கம் தந்தது.

போகும்போது அவரிடம் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லி அனுப்பினேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். அடுத்த முறை இன்ஸ்டால் நின்று போனால் பார்மட் செய்யாதீர்கள். திரையில் வந்த செய்தியின் முதல் தவறு வரியை ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதிய பின் நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலும் விடை அந்த வரியிலேயே இருக்கும்.